அத்தியாயம் 9: டோர் பேடும் மட்டாஞ்சேரி மழையும்

கார் கதவின் உட்புறத்தை மூடியிருக்கும் பலகையைப் பட்டறைகளில் டோர் பேட் என்கிறார்கள். இந்த அத்தியாயத்திலும் அந்தப் பெயரையே வைத்துக்கொள்வோம். அதைக் கழற்றுவது, சீர்செய்வது, மறுபடி மாட்டுவது எல்லாம் எந்த ஊரிலும் ஒன்றுபோலத்தான் என்று தோன்றும். ஆனால் பேட் எதனால் கெடுகிறது என்பது ஊருக்கு ஊர் மாறும். அதற்கேற்ப வேலையின் வரிசையும் மாறும். கோயம்புத்தூரில் ஓடிய பழைய மாருதி 800-இல் வெயில் பட்டு மேல்விளிம்பு வெளுத்திருக்கும், முழங்கை படும் இடம் தேய்ந்திருக்கும். கொச்சியின் மட்டாஞ்சேரியில் அதே வயதுள்ள வண்டியில் மேல்பாதி நன்றாகவே இருக்கும். அடியில் நான்கு விரல் உயரத்துக்குப் பலகை ஊதி, அலையலையாக நெளிந்து, ரெக்சின் விளிம்பு பிரிந்து தொங்கும். கதவைத் திறந்தால் முக்கலான வாடை வரும்.

இப்படி வரும் வண்டியைக் குஷன் கடைக்குக் கொண்டுபோய்ப் புது ரெக்சின் போட்டு வாங்குவதே பெரும்பாலோர் செய்வது. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அது பழையபடி நெளிந்துவிடுகிறது. கேடு பேடில் தொடங்கவில்லை, அதற்குப் பின்னால் கதவுக்குள் தொடங்குகிறது. அங்கே நடப்பதைச் சரிசெய்யாமல் பேடை அழகாக்குவதில் பயன் இல்லை. இந்த அத்தியாயம் முழுவதும் இந்த ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது.

தண்ணீர் வரும் வழி, போகும் வழி

கொச்சியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மி.மீ. மழை பெய்கிறது. சென்னை மழையைவிட இது ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஜூன் முதல் நாளை ஒட்டித் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். அது ஓய்ந்ததும் துலாவர்ஷம் என்று மலையாளிகள் சொல்லும் வடகிழக்கு மழை மாலை நேரங்களில் இடியோடு வரும். மட்டாஞ்சேரிக்கு ஒரு பக்கம் காயல். சற்றுத் தள்ளி ஃபோர்ட் கொச்சிக்கு அப்பால் கடல். மழை இல்லாத நாளிலும் காற்றில் ஈரமும் உப்பும் இருக்கும்.

கார் கதவின் உட்குழி நனையும் என்று தெரிந்தேதான் அதை வடிவமைக்கிறார்கள். கண்ணாடியின் வெளிப்பக்க ரப்பர் மழைநீரை முழுவதும் தடுப்பதில்லை. கண்ணாடியை ஒட்டி வழியும் தண்ணீரில் ஒரு பங்கு கதவுக்குள் இறங்கும். இறங்கும் தண்ணீர் வெளியேறக் கதவின் அடிவிளிம்பில் இரண்டு மூன்று ஓட்டைகள் வைத்திருப்பார்கள். உட்குழிக்கும் டோர் பேடுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டப்பட்டிருக்கும். உள்ளே தெறிக்கும் தண்ணீரும் எழும் ஈரமும் பேடைத் தொடாதபடி காப்பது அந்த மெல்லிய ஷீட்தான்.

ஓட்டை அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கும். ஷீட் கிழிந்திருந்தால் தேங்கிய ஈரம் பேடின் முதுகில் ஏறும். மட்டாஞ்சேரியில் நெளிந்து கிடக்கும் பேட்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் இந்த இரண்டில் ஒன்று இருக்கும், பல சமயம் இரண்டுமே இருக்கும். கண்ணாடி ஏறி இறங்குவதில் கோளாறு என்றோ ஸ்பீக்கர் மாற்ற வேண்டும் என்றோ யாரோ ஒருமுறை கதவைப் பிரித்திருப்பார்கள். ஷீட்டைக் கிழித்து எறிந்துவிட்டுப் பேடை மட்டும் மாட்டி அனுப்பியிருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

எனவே திருப்புளியைத் தொடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். கதவை மூடி, கண்ணாடியை முழுக்க ஏற்றி, வெளிப்பக்கக் கண்ணாடியின் மேல் ஒரு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். பிறகு குனிந்து கதவின் அடிவிளிம்பைப் பாருங்கள். சில நொடிகளில் அங்கிருந்து தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் ஓட்டை அடைத்திருக்கிறது. கதவைத் திறந்து மூடும்போது உள்ளே தளும்பும் ஓசை கேட்டால் தண்ணீர் தேங்கியே கிடக்கிறது என்று பொருள்.

நாள் பார்ப்பது

பிரிப்பதற்கு எந்த நாளும் ஆகும். ஒட்டுவதற்கு ஆகாது. ரெக்சின் ஒட்டப் பயன்படும் ரப்பர் பசையில் கரைப்பான் கலந்திருக்கும். அது ஆவியாகும்போது பசையின் மேற்பரப்பு குளிரும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் குளிர்ந்த பரப்பில் கண்ணுக்குத் தெரியாத பனிபோல நீர் படியும். அதன் மேல் ரெக்சினை அழுத்தினால் அன்றைக்கு ஒட்டியது போலத் தெரியும். வெயிலில் நான்கு நாள் நின்றதும் விளிம்பு கிளம்பும். ஜூலை மாதத்தில் செய்த ரெக்சின் வேலை நிலைக்காததற்கு இதுவே பெரிய காரணம். பசையின் மேல் குறைகூறிப் பயனில்லை.

ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் மிக நல்லவை. மற்ற மாதங்களில் வெயில் ஏறிய முற்பகலைத் தேர்ந்தெடுங்கள். ஃபோர்ட் கொச்சியின் வெளி என்னும் பகுதியில் தமிழ் வண்ணார் குடும்பங்கள் நடத்தும் தோபி கானா இருக்கிறது. அங்கே கொடிகளில் துணி நிறைந்து அசையும் நாள் உங்கள் பசைக்கும் ஏற்ற நாள். மழைக்காலத்தின் நடுவில் பேட் நனைந்துவிட்டால் கழற்றி, வீட்டுக்குள் மின்விசிறிக் காற்றில் நிமிர்த்தி வையுங்கள். பேட் இல்லாமலே வண்டியை ஓட்டலாம், ஷீட் மட்டும் இருக்க வேண்டும். ஒட்டும் வேலையை மழை விட்ட பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கழற்றுவது

ஸ்டார் திருப்புளி, தட்டைத் திருப்புளி, பேட்டரி முனையைக் கழற்ற 10 நம்பர் ஸ்பேனர், பேடை நெம்ப அகலமான பிளாஸ்டிக் நெம்பி, ஒரு முழ நீளப் பருத்தித் துணிக் கிழிசல். இவ்வளவு போதும். பிளாஸ்டிக் நெம்பி இல்லையென்றால் பெயின்டர்கள் பட்டி பூசும் அகலத் தகட்டின் முனையில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். கதவுக்குள் தகட்டின் விளிம்புகள் கூர்மையாக இருக்கும், கையுறை கட்டாயம்.

பவர் விண்டோ உள்ள வண்டியில் முதலில் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டுப் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஏர்பேக் உள்ள வண்டி என்றால் அதற்குப் பிறகும் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பது வண்டியோடு தந்த கையேட்டில் இருக்கும். சில புதிய வண்டிகளில் பக்கவாட்டு ஏர்பேகுக்கான அழுத்த உணரி முன்கதவுக்குள்ளேயே இருக்கிறது.

பிறகு ஸ்க்ரூக்கள். கைவைக்கும் பிடியின் குழிக்குள், கதவு திறக்கும் நெம்பைச் சுற்றிய பிளாஸ்டிக் வளையத்துக்கு அடியில், பக்கக் கண்ணாடியின் முக்கோண மூடிக்குப் பின்னால், பேடின் பின்விளிம்பில் என்று ஒளிந்திருக்கும். சிறு வட்ட மூடி தெரிந்தால் அதற்குள் ஒரு ஸ்க்ரூ உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவுப் பூட்டின் குமிழ் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வண்டிகளில் அதைத் திருகிக் கழற்ற வேண்டியிருக்கலாம். எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்தது என்பதைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். நீளமான ஸ்க்ரூவை இடம் மாற்றிப் போட்டால் அது உள்ளே போய்க் கண்ணாடியைத் தொடும்.

கையால் சுற்றும் கண்ணாடிதான் பலரைத் திணறவைப்பது. மாருதி 800 போன்ற வண்டிகளில் சுழற்றும் கைப்பிடியைப் பிடித்திருப்பது வளைந்த ஒரு ஸ்பிரிங் கம்பி. கைப்பிடிக்கும் பேடுக்கும் இடையில் அது மறைந்திருக்கும். கண்ணாடி மூடியிருக்கும்போது கைப்பிடி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பேடை ஒரு கையால் உள்ளே அழுத்தி, துணிக் கிழிசலைக் கைப்பிடியின் பின்னால் நுழைத்து, இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு இடமும் வலமுமாக இழுங்கள். துணியின் நூல் ஸ்பிரிங் முனையைப் பற்றி வெளியே தள்ளிவிடும். தள்ளும் வேகத்தில் அது எகிறும். ஆகவே முகத்தை விலக்கி, மற்றொரு துணியால் மூடிப் பிடியுங்கள். பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பின் வழியில் வந்த வண்டிகளில் வேறொரு முறை காணப்படும். கைப்பிடியைச் சுற்றியுள்ள வட்டத் தகட்டை உள்ளே அழுத்தினால் குறுக்கே செருகிய சிறு ஆணி தெரியும். அதை மெல்லிய கம்பியால் தட்டி எடுக்க வேண்டும். நடுவில் ஒரே ஸ்க்ரூ உள்ள வகைக்கு விளக்கம் தேவையில்லை.

இனிப் பேடைப் பிடித்திருப்பது பிளாஸ்டிக் கிளிப்கள் மட்டுமே. கீழ்மூலையில் தொடங்குங்கள். நெம்பியை விளிம்பில் நுழைத்து, ஒரு கிளிப்பை உணர்ந்ததும் அதன் கழுத்துக்கு மிக அருகே வைத்து நெம்புங்கள். கிளிப்பிலிருந்து தள்ளி நெம்பினால் கிளிப் அசையாது, பலகை கிழியும். ஈரம் குடித்த பலகையில் இது இன்னும் எளிதாக நடக்கும். கீழும் பக்கங்களும் விடுபட்டதும் பேடை மேல்நோக்கித் தூக்கினால் கண்ணாடியை ஒட்டிய விளிம்பிலிருந்து கழன்று வரும். உடனே இழுத்துவிட வேண்டாம். பின்னால் சுவிட்ச் வயர்களும் நெம்புக் கேபிளும் இருக்கலாம். இணைப்பிகளை அவற்றின் நாக்கை அழுத்திக் கழற்றுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள்.

உடைந்த கிளிப் ஒன்றை மாதிரிக்கு எடுத்துப்போய்த் தேவைக்கு அதிகமாகவே வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பிளாஸ்டிக் பல ஆண்டு வெயில் குடித்து நொறுங்கும் நிலையில் இருக்கும். இரண்டாம் முறை மாட்டும்போது நம்ப முடியாது.

ஷீட்டை உரிப்பதில் பொறுமை காட்டுங்கள். அதைப் பிடித்திருக்கும் கறுப்புப் பிசின் கையில் பட்டால் போகாது, துணியில் பட்டால் அறவே போகாது. கொஞ்சம் வெயில் பட்டால் இளகும். மீன்பிடி நரம்பை இருகையிலும் பிடித்து ஷீட்டுக்கும் தகட்டுக்கும் இடையே அறுத்துக்கொண்டே போனால் கிழியாமல் வரும். கிழிந்தாலும் தூக்கி எறிய வேண்டாம். புது ஷீட் வெட்ட அதுதான் மாதிரி.

கதவுக்குள் செய்ய வேண்டியது

விளக்கை உள்ளே காட்டி அடியைப் பாருங்கள். மணல், இலை, ரப்பர் துகள் எல்லாம் கலந்து சேறாக இறுகியிருக்கும். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டின் கிடங்குகளுக்கு அருகே நாளெல்லாம் நிற்கும் வண்டி என்றால் சாக்குநாரும் சேர்ந்திருக்கும். கையால் அள்ளிவிட்டு, மிச்சத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். உப்பு படியும் ஊர் என்பதால் நல்ல தண்ணீரால் கழுவுவது தேவையான வேலை. ஓட்டைகளை வயர் கட்டும் பிளாஸ்டிக் டையால் குத்தித் திறவுங்கள். இரும்புக் கம்பி விட்டால் விளிம்பின் பெயின்ட் உரிந்து அங்கேயே துரு பிடிக்கும்.

கதவின் வெளித்தகடு அடியில் மடிந்து உட்தகட்டைக் கவ்வியிருக்கும். அந்த மடிப்புக்குள் ஈரம் நுண்ணிடுக்கு வழியே ஏறி நின்றுவிடும், எளிதில் காயாது. துரு பெரும்பாலும் அங்கேதான் முளைக்கிறது. வெளியே கீழ்விளிம்பில் பெயின்ட் கொப்புளம் தெரிந்தால் துரு உள்ளிருந்து வெளியே வந்துவிட்டது. அப்போது டிங்கரிங் வேலை முந்தி, டோர் பேட் பிந்தி. கொப்புளம் இல்லாமல் உள்ளே மட்டும் செம்மை படர்ந்திருந்தால் கம்பி பிரஷால் தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றியைத் தடவி, காய்ந்ததும் பிரைமர் அடியுங்கள். அதன் மேல் உட்குழிகளுக்கென்றே விற்கும் மெழுகு ஸ்பிரேயை மடிப்பு நெடுகப் பாய்ச்சுங்கள். பாய்ச்சிய பிறகு ஓட்டைகளை மறுபடி குத்திப் பாருங்கள், மெழுகே அடைத்துவிடக் கூடாது.

2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு எழுதும் எந்தக் கேரள வழிகாட்டியும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஆலுவா, பரவூர் பக்கங்களில் பெரியாற்று வெள்ளத்தில் நின்ற கார்களில் இருக்கையும் தரைவிரிப்பும் கழுவப்பட்டாலும், கதவுக்குள் படிந்த வண்டல் அப்படியே இருந்துவிட வாய்ப்பு அதிகம். பழைய வண்டி வாங்கும்போது விற்பவர் சம்மதித்தால் ஒரு டோர் பேடைக் கழற்றிப் பாருங்கள். உட்தகட்டில் கிடைமட்டமாக ஒரு மண்கோடு தெரிந்தால் அந்த வண்டி அந்த உயரத்துக்கு நீரில் நின்றிருக்கிறது. மேற்குக் கொச்சியின் தாழ்ந்த பகுதிகளில் வேலியேற்றத்தின்போது, அதாவது கடல் ஏற்றத்தின்போது, தெருவில் ஏறுவது உப்புநீர். அதில் நின்ற கதவை அன்றே நல்ல தண்ணீரால் கழுவாவிட்டால் துரு வெகுவேகமாகப் பரவும்.

கதவு திறந்திருக்கும்போதே கண்ணாடி ஏற்றும் பொறியின் தண்டவாளங்களில் பழைய கிரீஸைத் துடைத்துப் புதிது தடவிவிடுங்கள். இல்லாவிட்டால் இதற்காகவே இன்னொரு முறை பிரிக்க வேண்டிவரும்.

பலகை

பழைய வண்டிகளின் பேடில் ரெக்சினுக்குப் பின்னால் இருப்பது ஹார்ட்போர்டு. 1924-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து லாரல் நகரில் வில்லியம் மேசன் கண்டுபிடித்த முறையின் வழிவந்தது அது. மரச்சில்லுகளை நீராவி அழுத்தத்தில் நாராக்கி, சூட்டில் அழுத்தித் தகடாக்குவார்கள். அழுத்தி வைத்த நார் தண்ணீர் குடித்தால் விரியும். காய்ந்த பின்னும் பழைய அளவுக்குத் திரும்பாது. ஊதிய ஹார்ட்போர்டின் மேல் கல்லை ஏற்றி வைத்து நிமிர்த்தப் பார்ப்பவர்கள் உண்டு. அது ஒரு மாதத்துக்குத் தாங்கும், அதற்கு மேல் தாங்காது.

திருப்புளி முனையால் பலகையை ஓரமாக அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் பலகை போய்விட்டது. அடிப்பகுதியை மட்டும் வெட்டி ஒட்டுப்போடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. சேரும் இடம் ரெக்சினில் கோடாகத் தெரியும், கிளிப் இழுப்பில் விடும். பலகையை முழுதாக மாற்றுங்கள். பலகை கெட்டியாக இருந்து ஓரிரு கிளிப் துளைகள் மட்டும் கிழிந்திருந்தால் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை எபாக்ஸியால் பின்னால் ஒட்டி, அதில் துளையைப் புதிதாக வெட்டலாம்.

புதுப் பலகைக்கு என்ன பொருள்? ஹார்ட்போர்டே போடலாம், ஆனால் இரண்டு பக்கமும் அடைத்தாக வேண்டும். பி.வி.சி. ஃபோம் தகடு தண்ணீருக்கு அஞ்சாது, எடையும் குறைவு. ஆனால் வெயிலில் நின்ற வண்டிக்குள் இளகித் தொய்யும், கிளிப் தலை அதில் எளிதாகக் கிழித்துக்கொண்டு வரும். மட்டாஞ்சேரிக்கு என் தேர்வு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட். பெரும்பாவூர் கேரளத்தின் பிளைவுட் ஊர்; கொச்சிக் கடைகளில் இதற்குப் பஞ்சமில்லை. கிடைப்பதில் மிக மெல்லியதைக் கேளுங்கள், 4 மி.மீ.க்கு மேல் வேண்டாம். கிளிப்பின் கழுத்து 3 மி.மீ. ஹார்ட்போர்டு அளவுக்கு இருக்குமானால், 4 மி.மீ. பலகையில் துளையைச் சுற்றிப் பின்பக்கத்தை உளியால் சற்றுத் தாழ்த்த வேண்டும். இதைச் செய்யாவிட்டால் பேட் கதவோடு படியாது. ஓட்டும்போது நடுங்கி ஓசை எழுப்பும்.

பழைய பலகையைப் புதியதன் மேல் வைத்துக் கோடு இழுங்கள். ஊதிய அடிவிளிம்பின் அளவை நம்பாதீர்கள், அதற்குக் கதவையே அளவாகக் கொள்ளுங்கள். துளைகள் யாவும் வெட்டி முடித்த பிறகு, ரெக்சின் போடுவதற்கு முன், வெறும் பலகையைக் கதவில் மாட்டிப் பாருங்கள். எல்லாக் கிளிப்பும் அமர்கிறதா, கைப்பிடித் தண்டு துளையின் நடுவில் வருகிறதா என்பது இப்போதே தெரிய வேண்டும்.

அடுத்தது அடைப்பு. பாலியூரித்தேன் வார்னிஷை முதலில் விளிம்புகளிலும் துளைகளின் உள்வட்டத்திலும் ஊறும்படி தடவுங்கள், ஈரம் முதலில் ஏறுவது அந்த வழியேதான். பிறகு இரு முகங்களிலும் இரண்டு பூச்சு, அடி 15 செ.மீ.க்கு மூன்றாவது பூச்சு. முழுக்கக் காய்ந்ததும் ரெக்சின் வரும் முகத்தை 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்தால் பசைக்குப் பிடிப்புக் கிடைக்கும். வள்ளங்களுக்கு மீனெண்ணெய் பூசுவது கேரளத்தின் பழைய வழக்கம். அந்த நினைவில் பலகைக்கும் பூசச் சொல்பவர்கள் இருப்பார்கள். எண்ணெய் குடித்த பலகையில் எந்தப் பசையும் நிற்காது.

ரெக்சினும் பசையும்

பேட் கெடவில்லை, பூஞ்சை மட்டும் படிந்திருக்கிறது என்றால் புது ரெக்சின் தேவையில்லை. மென்மையான பிரஷும் சோப்புத் தண்ணீரும் முன்பக்கத்துக்கு. ஐசோபுரொப்பில் ஆல்கஹால் நனைத்த துணி பின்பக்கத்துக்கு. நிழலில் காற்றாட இரண்டு நாள் காய வையுங்கள். பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் மூன்றையும் ரெக்சினில் தொட வேண்டாம். ரெக்சினை நெகிழ்வாக வைத்திருக்கும் பொருளை அவை உருவி எடுத்துவிடும், சில மாதங்களில் வெடிக்கும். பளபளப்புக்குத் தேங்காயெண்ணெய் தடவுவது தூசியையும் பூஞ்சையையும் அழைத்து வரும்.

மாற்றுவதென்றால், கடைகளில் ரெக்சின் பெரும்பாலும் 54 அங்குல அகலத்தில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். முதுகில் பின்னல் துணி உள்ளது நன்றாக இழுபடும், வளைவுள்ள பேடுக்கு அதுவே வேண்டும். நிறத்தைக் கடை விளக்கில் ஒப்பிடாதீர்கள். துண்டை வெளியே எடுத்துவந்து வெயிலில் மற்றக் கதவின் பேடோடு வைத்துப் பாருங்கள். அடியில் வைக்கும் ஃபோம் 3 முதல் 5 மி.மீ. போதும். சாதாரணப் பஞ்சு ஃபோமை இந்த ஊரில் தவிர்த்துவிடுங்கள். அது நீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். அதில் ஒருவகை காற்றின் ஈரத்தாலேயே சிதைந்து மஞ்சள் பொடியாக உதிரும். பழைய பேடைப் பிரிக்கும்போது நீங்கள் சுரண்டி எடுக்கும் பொடி அதுதான். மூடிய கண்ணறைகள் கொண்ட இ.வி.ஏ. ஃபோம் தண்ணீர் குடிக்காது.

பசை ஃபெவிகால் எஸ்.ஆர். 998 அல்லது அதுபோன்ற ரப்பர் பசை. தச்சர்கள் மரத்துக்குப் பூசும் வெள்ளை ஃபெவிகால் இதற்கு உதவாது. ரப்பர் பசையின் கரைப்பான் ஆவி தீப்பற்றும், தலையைச் சுற்றும். திறந்த வெளியில் செய்யுங்கள். அருகில் அடுப்போ ஊதுபத்தியோ இருக்கக் கூடாது. பலகை, ஃபோம் இரண்டின் மேலும் மெல்லியதாக இழுத்துப் பூசி, விரலால் தொட்டால் நூல் இழுக்காத நிலை வரும்வரை விடுங்கள். வறண்ட நாளில் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். பூச்சு மங்கி வெண்மை படர்ந்தால் ஈரம் படிந்துவிட்டது. ஹேர் டிரையரால் காய வைத்து, மேலே மெல்லிய இன்னொரு பூச்சு கொடுங்கள்.

இரு பூச்சும் தொட்ட கணமே பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. இடையில் ஒரு செய்தித்தாளை விரித்து, மேலே ஃபோமைச் சரியாக வைத்து, ஒரு ஓரத்தை முதலில் ஒட்டி, தாளைச் சிறிது சிறிதாக உருவிக்கொண்டே நடுவிலிருந்து வெளிப்பக்கம் ரோலரால் அழுத்துங்கள். ஃபோம் படிந்த பிறகு ரெக்சினுக்கும் இதே முறை. விளிம்பைச் சுற்றிப் பின்பக்கம் இரண்டரை செ.மீ. மடிய வேண்டும். வெளிமூலைகளில் மடிப்பு குவியாமல் இருக்க ஆப்பு வடிவில் துண்டுகளை வெட்டி எடுங்கள். உள்வளைவுகளில் நேர்வெட்டுப் போதும். எந்த வெட்டும் பலகை விளிம்புக்கு 3 மி.மீ. முன்னே நிற்க வேண்டும். ஸ்டேப்ளர் அடிப்பதானால் ஊசி பலகைக் கனத்தைவிடக் குட்டையாக இருக்கட்டும், துருப்பிடிக்காத எஃகாகவும் இருக்கட்டும். சாதாரண ஊசி உப்புக்காற்றில் துருவேறி ரெக்சினில் கறை இறக்கும்.

பிளாஸ்டிக் பேட் உள்ள வண்டிகள்

இன்றைய கார்களில் முழுப் பேடும் வார்த்தெடுத்த பிளாஸ்டிக், பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். இது ஊதாது, நெளியாது. நடுவில் ஒட்டிய துணிதான் உரியும். பழைய பசையையும் ஃபோம் பொடியையும் சுத்தமாகச் சுரண்டி, ஃபோம் ஒட்டிய துணியைப் போடலாம். பாலிபுரொப்பிலீனில் பசையும் பெயின்டும் தாமாக ஒட்டா, அதற்கான அடிப்பூச்சு வாங்க வேண்டும். துணித்தட்டு தனித்துண்டாக இருந்தால் பின்னால் பிளாஸ்டிக் முளைகளை உருக்கிப் பொருத்தியிருப்பார்கள். முளையின் தலையை மட்டும் செதுக்கி எடுத்து, திரும்பப் பொருத்தும்போது வாஷரோடு சிறு ஸ்க்ரூ போடுங்கள்.

ஷீட்

புது ஷீட்டுக்கு 150 முதல் 200 மைக்ரான் பாலித்தீன் போதும். பழையதை வைத்து வெட்டுங்கள். தண்டு, கேபிள் வெளிவரும் இடங்களில் வட்டமாக வெட்டாமல் சிறு சிலுவைக் கீறலாகப் போட்டால் இறுகப் பிடிக்கும். ஒட்டுவதற்குப் பியூட்டைல் பிசின் நாடா. இரட்டைப் பக்க ஃபோம் டேப் ஒரு மழைக்குப் பிறகு விடும். பழைய வண்டிகள் பலவற்றில் ஷீட்டின் கீழ்விளிம்பு கதவுத் தகட்டிலுள்ள நீள் இடைவெளி வழியே உட்குழிக்குள் செருகப்பட்டிருக்கும். ஷீட்டில் வழியும் தண்ணீர் கதவுக்குள்ளேயே சொட்ட வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அந்த விளிம்பை வெளியே விட்டு ஒட்டினால் எல்லாத் தண்ணீரும் பேடின் அடிக்கே வரும். கதவுக்குள் ஏர்பேக் அழுத்த உணரி உள்ள வண்டிகளில் ஷீட் முழுதாக ஒட்டியிருப்பது உயிர்காக்கும் விஷயம். அந்த உணரி கதவுக்குள் காற்றழுத்தம் திடீரென ஏறுவதை வைத்தே மோதலை அறிகிறது.

பேடை மாட்டும் முன் மறுபடி தண்ணீர்ச் சோதனை. ஷீட்டின் கீழ்விளிம்பு நெடுக ஒரு செய்தித்தாள் பட்டையை ஒட்டிவைத்து, கதவை மூடி, ஐந்து நிமிடம் கண்ணாடியில் தண்ணீர் ஊற்றுங்கள். திறந்து தாளைப் பாருங்கள். நனைந்திருந்தால் எங்கே என்று தேடிச் சரிசெய்யுங்கள். வறண்டிருந்தால் மட்டும் மேலே போங்கள்.

கடையில் கொடுத்துச் செய்வதானால் இந்தக் கட்டத்தில் நீங்கள் அருகில் இருக்க வேண்டும். "சேட்டா, ஆ ஷீட் களயல்லே" (அண்ணா, அந்த ஷீட்டை எறிந்துவிடாதீர்கள்) என்று முதலிலேயே மலையாளத்தில் சொல்லிவிடுங்கள். நல்ல தொழிலாளி கோபிக்க மாட்டார். கேட்கத் தெரிந்த வாடிக்கையாளர் என்று கூடுதல் கவனம் வைப்பார்.

மாட்டுவது

வயர்களையும் கேபிளையும் முதலில் இணையுங்கள். பேடின் மேல்விளிம்பைக் கண்ணாடி ஓரத்தில் தொங்கவிட்டு, ஒவ்வொரு கிளிப்பும் அதனதன் துளைக்கு நேராக இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு உள்ளங்கையால் தட்டுங்கள். அமராத கிளிப்பை அடித்து உட்கார வைக்க முயன்றால் அது மடங்கும். கைப்பிடியின் ஸ்பிரிங் கம்பியைக் கைப்பிடியிலேயே முதலில் செருகி, பிறகு தண்டில் வைத்து அழுத்தினால் தானாகக் கவ்விக்கொள்ளும். குறித்து வைத்த திசையிலேயே வையுங்கள். ஸ்க்ரூக்களை எல்லாம் பாதி திருகிய பிறகு முழுதும் இறுக்குங்கள். கதவை மூடுவதற்கு முன், அது திறந்திருக்கும்போதே பூட்டையும் திறக்கும் நெம்பையும் இயக்கிப் பாருங்கள். நெம்புக் கேபிள் மாட்டாமல் கதவை மூடிவிட்டால் உள்ளிருந்து திறக்க வழியிருக்காது.

ஆண்டுதோறும் மே மாதத்தில், இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன், நான்கு கதவுகளின் அடியோட்டைகளையும் ஒரு பிளாஸ்டிக் டையால் குத்திவிடுங்கள். பேடைக் கழற்ற வேண்டியதில்லை, கதவைத் திறந்து குனிந்தாலே போதும்.